சானிட்டைசர் எரிந்தால் சோப்புக்கு மாறலாமா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "சானிட்டைசர் தேய்த்தாலே கை எரிகிறது சார். அதனால் சோப்பு போட்டே கழுவிக்கொள்கிறேன். சரிதானே?"

சரியில்லை. எரிச்சல் உண்மைதான். ஆனால் கையைக் கெடுத்தது பெரும்பாலும் அந்தச் சோப்பும் தண்ணீரும்தான்.

தோலின் மேலடுக்கில் இறந்த செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் நிரம்பியிருக்கின்றன. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பது இந்தக் கொழுப்புதான். சோப்பு இதையும் அழுக்கோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். எப்போதாவது கழுவினால் தோல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஷிப்ட் முழுக்கக் கழுவிக்கொண்டே இருந்தால் அதற்கு நேரமில்லை. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன.

அப்புறம் ஏன் சானிட்டைசர் எரிகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சூட்டை உணர்த்துவது அதன் வேலை. மிளகாயின் காப்சைசின் பட்டாலும் அது திறந்துகொள்ளும். காரம் 'எரிவது' அதனால்தான். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வழக்கமாக 42 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கும் இந்தப் புரதம், ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே திறந்துவிடுகிறது. நம் உடம்பின் சூடோ 37 டிகிரி! அதாவது, நம் சொந்தச் சூட்டையே நரம்பு நெருப்பாக உணர்கிறது. வெடிப்பில்லாத தோலில் ஆல்கஹால் நரம்பை எட்டுவதற்குள் ஆவியாகிவிடும். எரிகிறது என்றால் வெடிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

ஆல்கஹாலும் கொழுப்பை இளக்கும். ஆனால் தண்ணீர் விட்டு அலசாததால் கொழுப்பு பெரும்பாலும் தோலிலேயே தங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் சானிட்டைசர் செய்முறையில், தோலின் ஈரத்தைக் காக்க 1.45 சதவீதம் கிளிசரினும் உண்டு. கையில் அழுக்கு தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டாலோ சோப்பு கட்டாயம். மற்ற பெரும்பாலான நேரங்களில் சானிட்டைசர் போதும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட வேண்டாம். ஈரக் கையில் கையுறை மாட்டவும் வேண்டாம்.

அந்தக் கையுறையே ஒரு நர்ஸின் கைப்புண்ணால் வந்தது. 1889 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கிருமிநாசினிக் கரைசலால் கரோலைன் ஹாம்ப்டனின் கைகள் புண்ணாயின. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவருக்காக குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய ரப்பர் கையுறை செய்து வாங்கினார். கையுறையை வாங்கித் தரும் மருத்துவமனைகள், ஈரப்பதக் கிரீமை மட்டும் ஏன் நர்ஸ் தன் காசில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கின்றன? வெடித்த தோலில் கிருமிகள் எளிதில் தங்கும். அது நோயாளிக்கும் ஆபத்து. கிரீமும் பாதுகாப்புக் கருவிதான்; சானிட்டைசருக்குப் பக்கத்திலேயே சுவரில் மாட்ட வேண்டும்.

கையுறை முடியும் மணிக்கட்டு வரை மட்டும் அரிப்பும் தடிப்பும் வந்தால் காரணம் வேறாக இருக்கலாம்: ரப்பரை இறுக்கச் சேர்க்கும் தையூரம் போன்ற வேதிப்பொருள்களின் ஒவ்வாமை. இதற்குக் கிரீம் போதாது. தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்து, அவை சேராத கையுறைக்கு மாற வேண்டும்.