ஹோப்பங்க்: விடாநம்பிக்கைப் புனைவு

பேரழிவையும் கொடுங்கோன்மையையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டே வாசகரை மனம் தளரவிடாத புனைவு வகையை ஆங்கிலத்தில் ஹோப்பங்க் என்கிறார்கள். 2017 ஜூலையில் அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸாண்ட்ரா ரோலண்ட், கிரிம்டார்க்கின் (நம்பிக்கைக்கு இடமில்லாத இருண்ட புனைவின்) எதிர்ச்சொல் ஹோப்பங்க் என்று டம்ப்ளர் வலைப்பதிவுத் தளத்தில் எழுதிய ஓரிரு வரிகளிலிருந்து இச்சொல் பரவியது. 2019இல் காலின்ஸ் அகராதி அவ்வாண்டுக்குரிய சொற்களின் பட்டியலில் இதனையும் சேர்த்தது. கிரிம்டார்க் என்பதோ, தொலை எதிர்காலத்தின் கொடிய இருளில் போர் மட்டுமே உண்டு என்னும் பொருள்பட அமைந்த, வார்ஹாமர் 40,000 என்ற மேசை விளையாட்டின் முகப்பு வரியிலிருந்து பிறந்தது.

இச்சொல்லைத் தமிழாக்கும்போது, ஹோப் (நம்பிக்கை) என்னும் முற்பகுதியின் பொருள் எளிதில் விளங்கும். பங்க் என்பது ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் விலைமகளைக் குறித்த வசைச்சொல்; பின்னர் போக்கிரியைக் குறித்து, 1970களில் அடங்க மறுத்த ராக் இசைக்குப் பெயராகி, புரூஸ் பெத்கியின் 'சைபர்பங்க்' சிறுகதை 1983இல் வெளிவந்தபின் இலக்கிய வகைகளுக்கு ஒரு விகுதிபோலவே ஆகிவிட்டது.

பங்க் இவ்வாறு அடங்க மறுப்பதைக் குறிப்பதால், ஹோப்பங்கை 'இன்முடிவுக் கதை' என்று மொழிபெயர்ப்பது பிழை. எல்லாம் நலமாக முடிந்தது என்னும் கதை, நோயிலும் வேலையிழப்பிலும் உழல்பவருக்கு அயலார் வீட்டுத் திருமணம் போன்றது, பார்க்கலாம், அவ்வளவுதான். தோல்வி உறுதி என்று தெரிந்தும் பக்கத்து வீட்டாருக்குக் கஞ்சி காய்ச்சும் ஒருத்தியின் கதையோ அப்படி உழலும் வாசகரின் நிலையை ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. ஆறுதல் அந்த ஒப்புதலிலிருந்தே வருகிறது. எழுதுபவருக்கும் அப்படித்தான்: உலகைப் பொய்யாக்காமல் ஒரு பாத்திரத்தை மறுநாள் காலைவரை கொண்டுசேர்க்க முடிந்தால், அந்த வழி தமக்கும் திறந்திருப்பதாக அவர் உணரக்கூடும்.

'நம்பிக்கைப் புனைவு' என்பது பொருந்திவரினும் ஒரு குறை உண்டு. இன்றைய வழக்கில் நம்பிக்கை என்பது, நடந்தே தீரும் என்ற உறுதியையும் ஒருவர்மேல் வைக்கும் பற்றுறுதியையும் சேர்த்தே குறிக்கிறது. ஹோப்பங்கில் அத்தகைய உறுதி கிடையாது. ஆனால் "நம்பும் மேவும் நசையா கும்மே" என்று தொல்காப்பிய உரியியல் கூறுவதால், நம்பு என்பதன் பழம்பொருள் நசை, அதாவது விருப்பம். நடக்கும் என்று தெரியாமலே நடக்க வேண்டும் என்று விரும்புவது அங்கேயே இருக்கிறது. அந்தப் பொருளை மீட்டுக்கொண்டு, பங்கின் முரட்டுத்தனத்துக்காக 'விடா' என்பதை முன்னொட்டினால் 'விடாநம்பிக்கைப் புனைவு' கிடைக்கிறது. விடாமுயற்சியின் பெருமையோடு விடாப்பிடியின் அடமும் அதில் ஒலிப்பதால், 'நன்னம்பிக்கைப் புனைவு' போன்ற சாதுவான ஆக்கங்களைவிட இதனையே நான் பரிந்துரைப்பேன்.