கண்ணாடி போட்டால் போதும் என்று யார் சொன்னது?

பழைய அச்சுகளைப் பழுதுபார்க்கும் என் மேசைக்குப் போன வாரமும் ஒரு ஹிரோஷிகே வந்தது, அதாவது அந்த ஜப்பானிய ஓவியரின் மரச்செதுக்கு அச்சு. தோட்டக் காட்சி, நல்ல அச்சு. பிரேமைக் கழற்றி மவுண்ட் அட்டையைத் தூக்கினால், அட்டை மூடியிருந்த விரலகலப் பட்டையில் மட்டும் வானம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் பழுப்பு. "வெயில் படாத சுவர்தாங்க, கண்ணாடிகூடப் போட்டிருந்தோமே" என்றார்கள். எல்லோரும் சொல்வது இதைத்தான்.

கண்ணாடி தூசியைத் தடுக்கும், கை படாமல் காக்கும். வெளிச்சத்தைத் தடுக்காது, தடுத்தால் படமே தெரியாதே! புற ஊதாக் கதிரை வடிகட்டும் கண்ணாடி நல்லதுதான், வாங்குங்கள். ஆனால் எடோ காலத்து (1603–1868) ஜப்பானிய அச்சுகளின் சிவப்பு பெரும்பாலும் குசும்பப்பூச் சாயம். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே அதைத் தின்றுவிடும். ஜன்னல் வெளிச்சம், டியூப்லைட், எல்லாம் கணக்கில் சேரும். ராத்திரி விளக்கை அணைத்தால் பகலில் போனது திரும்பி வராது. ஐரிஸ் பூக்களின் ஊதா பல அச்சுகளில் சிவப்பும் நீலமும் சேர்ந்த கலவை. சிவப்பு போனதும் பூ சாம்பல் நீலமாக நிற்கும். 1830 வாக்கில் பரவிய பிரஷ்யன் நீலம் ஓரளவு தாங்கும் என்பதால் ஆறும் கடலும் மட்டும் பளிச்சென்று மிஞ்சும். அதைப் பார்த்துவிட்டு, "மங்கல்தானே ஜப்பானிய அழகு" என்கிறார்கள். இல்லவே இல்லை. ஸ்பால்டிங் சகோதரர்கள் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் 1921இல் தங்கள் ஜப்பானிய அச்சுச் சேகரிப்பைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது, காட்சிக்கே வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அதில் மங்காமல் இருக்கும் ஊதாவையும் சிவப்பையும் நல்ல பிரதியிலாவது ஒருமுறை பாருங்கள்.

ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். பழைய அச்சுகளின் நீலம் சில சமயம் நம் கானாவாழைக்கு உறவான செடியின் பூவிலிருந்து எடுத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், கரைந்து ஓடிவிடும். செல்லோடேப், பசை, அட்டையில் முழுசாக ஒட்டுவது எதுவும் வேண்டாம். அச்சின் பின்பக்கம் பாரென், அதாவது தாளை மரப்பலகையில் அழுத்தித் தேய்க்கும் வட்டமான கைக்கருவி, தேய்த்த வட்டத் தடங்கள் இருக்கும். அச்சு எப்படி எடுத்தார்கள் என்பதை நாங்கள் அங்கேதான் படிக்கிறோம். பிரேமுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டினால் பதிப்பாளர் முத்திரையும் சேர்ந்து போகலாம்.

சரி, மாட்டவே கூடாதா? மாட்டலாம். 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போன்ற குறைந்த வெளிச்சத்தில் சில வாரம், அப்புறம் அமிலமில்லாத பெட்டியில் நீண்ட ஓய்வு. அருங்காட்சியகங்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்கின்றன. தினமும் கூடத்தில் பார்க்க ஆசையா? டோக்கியோவின் அடாச்சி போன்ற பட்டறைகளில் இன்றும் கையால் செதுக்கி, கையால் அச்சிடுகிறார்கள். அந்தப் புதுப் பிரதியை மாட்டுங்கள். பழையதைத் தயவுசெய்து இன்றைக்கே சுவரிலிருந்து இறக்குங்கள். போன நிறத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.