ஸ்ட்ரீமிங்: ஓடையும் வட்டும்

போன மாதம் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் என் அத்தைக்கு ஒரு டிஸ்க் பிளேயர் வாங்கப் போனோம். மாமா இருந்த காலத்தில் தேக்கா பக்கம் கடை கடையாக ஏறி வாங்கிச் சேர்த்த விசிடி, டிவிடி எல்லாம் இரண்டு பெட்டி நிறைய வைத்திருக்கிறார், பழைய கருவி பழுதாகிவிட்டது, அதுதான் விஷயம். கடையில் எடுத்துக் காட்டிய பெட்டியின் மேல் ‘வீடியோ ஸ்ட்ரீமிங்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. அத்தை என்னைப் பார்த்து, “ஸ்ட்ரீமிங்னா என்னப்பா, நேரலையா?” என்று கேட்டார். நானும் அவசரத்தில் “ஆமா அத்தை, அந்த மாதிரிதான்” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் தவறு. அதனால்தான் அன்று தவறான கருவியையும் வாங்கினோம், மறுநாள் திருப்பிக் கொடுக்க அலைந்தோம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான், அந்த ஒரு சொல்லை ஒழுங்காகத் தமிழில் விளங்கிக்கொண்டிருந்தால் கடையிலேயே சரியான கேள்வியைக் கேட்டிருப்பேன் என்று புரிந்தது.

முதலில் நேரலை. நல்ல சொல், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நடக்கும்போதே, நடக்கிற இடத்திலிருந்து, நேராக அலை வழியே வருவது நேரலை. தேசிய தின அணிவகுப்பை வசந்தம் தொலைக்காட்சியில் அப்போதே பார்த்தால் அது நேரலை. ஸ்ட்ரீமிங் வேறு. பத்து வருடத்துக்கு முன் எடுத்த படத்தை இன்று ராத்திரி இணையம் வழியே பார்ப்பதும் ஸ்ட்ரீமிங்தான், அதில் நேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நேரலை என்ற சொல் எப்போது நடக்கிறது என்பதைச் சொல்கிறது. ஸ்ட்ரீமிங் எப்படி வந்து சேருகிறது என்பதைச் சொல்கிறது. இணையத்தில் வரும் நேரலைக்கும் வழி ஸ்ட்ரீமிங்தான், அதனால்தான் இரண்டும் குழம்பிவிடுகின்றன.

ஆங்கிலத்தில் ஸ்ட்ரீம் என்றால் நீரோடை, பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் சொல். கணினிக்குள் அது முதலில் நுழைந்தது படம் பார்ப்பதற்காக இல்லை. 1980களில், நின்று நின்று ஓடாமல் ஒரே மூச்சில் ஓடித் தரவைப் பதியும் காந்தநாடாக் கருவிகளை அப்படி அழைத்தார்கள். 1995-இல் ரியல்ஆடியோ என்ற மென்பொருள் வந்து, முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திருக்காமல் வர வர ஒலியைக் கேட்கலாம் என்று ஆன பிறகு, இன்றைய பொருள் நிலைத்தது. வர வர என்பதுதான் இதன் உயிர். பதிவிறக்கம் என்றால் முழுவதும் வந்து நம்மிடம் தங்கும். ஸ்ட்ரீமிங்கில் வருகிறது, பார்க்கிறோம், போய்விடுகிறது.

இதற்குத் தமிழில் ஊடக ஓடை என்று எழுதுகிறவர்கள் உண்டு, தாரை என்பவர்களும் உண்டு. என் வாக்கு ஓடைக்கு. தாரை என்றதும் எனக்குத் தாரை தாரையாகக் கண்ணீர் வடிவதுதான் நினைவுக்கு வருகிறது, அது போகட்டும், முக்கியமான காரணம் வேறு. ஓடை, ‘ஓடு’ என்ற வினையிலிருந்து வந்த சொல். படத்தைப் பொறுத்தவரை நாம் ஏற்கெனவே அந்த வினையைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறோம்? தியேட்டரில் படம் ஓடுகிறது, நூறு நாள் ஓடியது, ஓடாத படம், அப்புறம் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் ஓட்டிக் காட்டுவது. ஆங்கிலம் ஆற்றங்கரைக்குப் போய் இரவல் வாங்கிய உருவகம் நம் பேச்சில் முன்பே இருக்கிறது. அதனால் இணையத்தில் ஓடி வரும் படத்தை இணைய ஓடை என்றால் அத்தைக்கும் புரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் புரியும்.

ஓடைக்குள் நடப்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உண்மையில் படம் ஒரே நீளமாக வருவதில்லை. சேவை நடத்துபவர்கள் படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாராக வைத்திருப்பார்கள். நம் கருவி, இணைப்பின் வேகத்தைப் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே முடிவெடுக்கும். நடுவில் படம் திடீரென்று மங்கி, பிறகு தெளிவது அதனால்தான். முன்கூட்டி வந்த துண்டுகளைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு பஃபர் என்று பெயர். கணினித் தமிழில் இடையகம் என்கிறார்கள், பரவாயில்லை, ஆனால் ஓடை என்று சொல்ல ஆரம்பித்த பிறகு எனக்கு அதற்கு ஒரு சொல் தோன்றிக்கொண்டே இருக்கிறது: தாங்கல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்ற ஊர்ப் பெயர்களில் இருக்கிறதே, அந்தத் தாங்கல், ஓடி வரும் நீரைத் தாங்கி வைக்கும் சிறிய ஏரி. ஓடை மெலிந்தாலும் தாங்கலில் நீர் இருக்கும்வரை படம் நிற்காது. இது என் ஆசைதான், அகராதியில் தேட வேண்டாம்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். கிரேக்கத்தில் டிஸ்கோஸ் என்றால் எறிந்து விளையாடும் வட்டு. அது லத்தீன் வழியே ஆங்கிலத்துக்கு வந்து டிஸ்க் ஆனது, அதே சொல் வேறு வேறு காலத்தில் வந்து டிஷ், டெஸ்க் என்றும் ஆனது. ஆக, இசைத்தட்டு, குறுந்தட்டு என்று நாம் தட்டைப் பிடித்ததும் தற்செயலாக வேரோடு பொருந்துகிறது, டிஷ் என்றாலும் தட்டுத்தானே. இலங்கைத் தமிழர் இறுவட்டு என்பார்கள், தமிழ்நாட்டில் குறுந்தகடு, குறுவட்டு இரண்டும் புழங்குகின்றன. நான் வட்டு என்றே சொல்வேன். காரணம் இருக்கிறது. திருக்குறள் 401, கல்லாமை அதிகாரத்தின் முதல் குறள், “அரங்கின்றி வட்டாடி யற்றே” என்று தொடங்குகிறது. கட்டம் போடாமல் வட்டாடுவது போல, நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவது. கையில் எடுத்து விளையாடும் சின்ன வட்டமான பொருளுக்கு வட்டு என்ற பெயர் அவ்வளவு காலமாக இருக்கிறது. எறிந்து விளையாடும் கிரேக்க வட்டும் நம் ஆட்டத்து வட்டும் இப்படி ஒரே இடத்தில் வந்து சந்திப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பிளேயருக்கு இயக்கி என்று சிலர் எழுதுகிறார்கள். கணினிக்குள் இருக்கும் டிரைவையும் வட்டு இயக்கி என்றே சொல்வதால் இது குழப்பும். படம் ஓட்டுவது என்ற வழக்கை வைத்து வட்டு ஓட்டி, சேர்த்து எழுதினால் வட்டோட்டி. வாயில் நன்றாக உருள்கிறது, இனி அப்படியே எழுதுகிறேன்.

வட்டுகளுக்குள் வித்தியாசம் ஒளிக்கதிரில் இருக்கிறது. 1982-இல் வந்த குறுவட்டை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர் படிக்கிறது. 1996-இல் ஜப்பானில் தொடங்கிய டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, 2006-இல் விற்பனைக்கு வந்த ப்ளூ-ரேவுக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா. பெயரே அதுதான், நீலக்கதிர். கதிரின் அலைநீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நெருக்கமாகப் பதியலாம். ஒரே 12 செ.மீ. அகலம்தான், டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட், நீலக்கதிர் வட்டின் ஓர் அடுக்கில் 25. 2016-இல் வந்த 4கே நீலக்கதிர் வட்டில் 100 வரை போகும். அந்த வட்டிலிருந்து நொடிக்கு 128 மெகாபிட் வரை படிக்க முடியும், 4கே ஓடைக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதோ நொடிக்கு 15 மெகாபிட் வேகம். இங்கே நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கும் இழையிணைப்பு (ஃபைபர்) இதைப் போலப் பல மடங்கைத் தாங்கும், ஆகவே குறை நம் குழாயில் இல்லை. அனுப்புகிறவர்களே படத்தை நன்றாகச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். இருட்டுக் காட்சிகளிலும் புகை, மழைக் காட்சிகளிலும் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பெட்டி மேல் எழுதியிருந்த அந்தச் சொல்லுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது இங்கேதான். வட்டோட்டியின் பெட்டியில் ஸ்ட்ரீமிங் என்று இருந்தால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கருவிக்குள்ளேயே நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்ற செயலிகள் இருப்பது, இதுதான் இணைய ஓடை. அல்லது வீட்டுக் கணினியிலோ சேமிப்புப் பெட்டியிலோ நாம் வைத்திருக்கும் படத்தை வீட்டு வைஃபை வழியே எடுத்து ஓட்டுவது, டிஎல்என்ஏ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், இதை வீட்டு ஓடை எனலாம். இல்லாவிட்டால் கைப்பேசித் திரையில் தெரிவதை அப்படியே தொலைக்காட்சியில் காட்டுவது. இதைத் திரைப் பிரதிபலிப்பு என்று சொல்லிவிடலாம், ஓடை என்ற பெயர் இதற்குத் தேவையில்லை. நாங்கள் வாங்கிய கருவியில் இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தன, முதலாவது இல்லை. அத்தையின் வீட்டில் கணினியே கிடையாது. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை, ஸ்ட்ரீமிங் இருக்கிறது என்றார், இருந்தது.

செயலிகள் இருந்தாலும், வசந்தம் நிகழ்ச்சிகள் வரும் மீவாட்ச் செயலி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். வசந்தம் நாடகங்களுக்காகத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் ஓடையையே தேடுகிறார்கள்.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஓடைக்காக வட்டோட்டி வாங்க வேண்டாம். வட்டைப் படிக்கும் பகுதி பல வருடம் உழைக்கும். அதே கருவிக்குள் இருக்கும் செயலியின் ஆயுள் அதை எழுதிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது, பழைய கருவிகளுக்கு ஆதரவை நிறுத்துகிறோம் என்று ஒருநாள் அறிவித்தால் அன்றோடு முடிந்தது, கருவியில் எந்தப் பழுதும் இல்லாமலேயே. தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் சின்னக் குச்சி (ஸ்ட்ரீமிங் ஸ்டிக்) அந்த வேலையைச் செய்யும், பழசானால் அதை மட்டும் மாற்றலாம். நல்ல வட்டோட்டிகள் வேறு குறைந்துகொண்டே வருகின்றன, ஒப்போ 2018-இல் புதியவற்றைச் செய்வதை நிறுத்தியது, சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்கு இனிப் புதிய நீலக்கதிர்க் கருவிகள் இல்லை என்றது. கிடைக்கும்போது வட்டுக்கு நல்லதாகப் பார்த்து எடுப்பதுதான் முறை.

வட்டுக்கு நல்லது என்றால் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது வட்டாரக் குறியீடு, அதாவது எந்த வட்டாரத்து வட்டு எந்த வட்டாரத்துக் கருவியில் ஓடும் என்று போடும் பூட்டு. வட்டாரமும் வட்டத்தின் உறவுதான், பாருங்கள். டிவிடியில் சிங்கப்பூர் 3, இந்தியா 5. நீலக்கதிர் வட்டில் நமக்கு ஏ, இந்தியாவுக்கு சி. சென்னையில் வாங்கிவந்த வட்டில் அந்தப் பூட்டு இருந்தால் இங்கே வாங்கிய கருவி அதைத் தொடாது. பல தமிழ்ப்பட டிவிடிகளில் பூட்டே போட்டிருக்க மாட்டார்கள், அது நம் நல்ல நேரம். 4கே வட்டுகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அடுத்து விசிடி. ஒரு விசிடியில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் அடங்கும், அதனால்தான் தமிழ்ப் படம் இரண்டு மூன்று வட்டாக வந்தது, இடைவேளை மாதிரி எழுந்துபோய் மாற்றுவோம். நம்மில் பலர் வீட்டில் இருப்பது அவைதான். ஆனால் சில நீலக்கதிர்க் கருவிகள் விசிடியை ஏற்பதில்லை. பெட்டியின் பின்பக்கம் ஓடும் வட்டுகளின் பட்டியலில் விசிடி என்று எழுத்தில் இருக்க வேண்டும், ‘எல்லாம் ஓடும்’ என்ற வாய்ச்சொல் போதாது. முடிந்தால் வீட்டிலிருந்து ஒரு பழைய வட்டைக் கையில் கொண்டுபோய், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை அப்படித்தான் போனோம். அத்தை பைக்குள் மாமாவின் விசிடி ஒன்றைப் போட்டு எடுத்துவந்தார், அது ஓடியதைப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தார். ஓடைக்குத் தனிக் குச்சி. தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ ஒன்று, இரண்டு என்று வருவது அவருக்கு மறந்துபோகிறது என்பதால், ஒரு வெள்ளைத் தாளில் ‘1 வட்டு, 2 ஓடை’ என்று எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்றுக் கூப்பிட்டு, “ஓடையில ரெண்டு நாளா சத்தம் கம்மியா இருக்குப்பா, வட்டுல நல்லா இருக்கு” என்றார். சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.