கபடிப் போட்டி நடத்தும் அண்ணன்மார்களுக்கு ஒரு டாக்டரின் விண்ணப்பம்

பொங்கல் முடிந்ததும் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் மின்னொளி கபடி தொடங்கிவிடும். நோட்டீஸில் முதல் பரிசுத் தொகை, கோப்பை உபயம் செய்தவர் பெயர், நுழைவுக் கட்டணம், எடைப் பிரிவு, ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ எல்லாம் இருக்கும். ஆட்டத்தில் ஏற்படும் காயங்களுக்கு விழாக் குழு பொறுப்பல்ல என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். நோயைப் பற்றி மட்டும் ஒன்றும் இருக்காது.

விழாக் குழுவைக் குறை சொல்லவும் முடியாது. கால் பிசகுவது, தோள் இறங்குவது, பல் உடைவது எல்லாம் அவர்கள் கண் முன்னால் நடக்கிறது. நோய் அப்படி நடப்பதில்லை. டைபாய்டு வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். கெட்ட தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலைக்குச் சராசரியாக நாலு வாரம், சிலருக்கு ஏழு வாரம். சிரங்கு முதல் முறை ஒட்டினால் அரிப்புத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பந்தலைப் பிரித்து, கணக்கு முடித்து, வாழ்த்து பேனரும் கிழிந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் முன்னால் வந்து உட்காரும் பையனிடம் “வெளியூர் எங்கேயாவது போனியா தம்பி?” என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வான். “கபடி ஆடப் போனியா?” என்று கேட்டால்தான், “அது போன மாசம் சார்” என்று வரும். இவனுக்கு நோய் வந்தது தெரியாமலேயே அதே குழு அடுத்த வருடமும் அதே குடிதண்ணீர் டிரம்மை அதே இடத்தில் வைக்கும்.

முதலில் தோல். கபடியில் ஒருவரை ஒருவர் தொடாமல் ஆட்டமே இல்லை. பாடி வருபவரின் தொடையைப் பிடித்து, முகத்தை அவர் இடுப்பில் அழுத்தி, மேலே இன்னும் மூன்று பேர் விழுந்து அமுக்குகிறார்கள். வேர்வை, மண், சிராய்ப்பு மூன்றும் சேர்ந்த இடம் அது. பூஞ்சைக்கும் சீழ்க்கிருமிக்கும் இதைவிட வசதி வேண்டியதில்லை. 1989-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பள்ளி மாணவர்களுக்கான மல்யுத்தப் பயிற்சி முகாம் ஒன்று நடந்தது. கலந்துகொண்டவர்கள் 175 பேர். அவர்களில் 60 பேருக்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் ஹெர்பிஸ் என்ற வைரஸால் வரும் கொப்புளம் வந்தது. பிடி போடும்போது உரசும் இடங்களில்தான் பெரும்பாலும் வந்தது. அந்த நாட்டு மல்யுத்தத்தில் எடை பார்க்கும்போதே தோலையும் பார்த்துவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது.

நம்மிடமும் எடை மெஷின் இருக்கிறதே! 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ என்று பிரிவு வைத்துப் போட்டி நடத்துபவர்கள் காலையில் ஒவ்வொரு பையனையும் சட்டையைக் கழற்றி மெஷினில் ஏற்றத்தான் செய்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு நல்ல விளக்கும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியரும் இருந்தால் போதும். ஆளுக்கு ஒரு நிமிடம். கழுத்தின் இரு பக்கம், முன்கையின் உள்பக்கம், அக்குள், டிராயர் எலாஸ்டிக் அழுத்தும் இடுப்பு வரி, முழங்காலின் பின்புறம், விரல் இடுக்கு. இவ்வளவுதான் பார்க்க வேண்டும். தொடை இடுக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அரிப்பு இருந்தால் பையன் முகத்திலேயே தெரியும். பெண்கள் அணி என்றால் தனி அறை, பெண் செவிலியர். இதில் சமரசமே கூடாது.

படர்தாமரை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, ஊரில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள்: வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து. இப்போது வருவதில் பாதி அப்படி இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். மருந்துக்கடையில் போய் “அரிப்புக்கு ஒரு ட்யூப்” என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தருகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், சிவப்பும் போய்விடும். பூஞ்சை மட்டும் உள்ளே சுகமாகப் பரவும். ஒரு பையன் முன்கையை நீட்டினான். வட்டமே இல்லை; லேசாகப் பழுப்பேறிய திட்டு, ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாக நாலு பரு. “வேர்வைக்குரு சார்” என்றான். விரலால் இழுத்துப் பார்த்தால் தோல் சிகரெட் தாள் மாதிரி மெலிந்து சுருங்கியது. பல மாதம் அந்தக் களிம்பு போட்டிருக்கிறான். இடுப்பைக் காட்டச் சொன்னேன், அங்கே பெல்ட் கட்டியது போலச் சுற்றிலும் இருந்தது. இந்தியாவில் இப்போது பரவும் படர்தாமரைப் பூஞ்சையில் ஒரு வகை, டெர்பினாஃபின் என்ற வழக்கமான மருந்துக்கே பல நேரம் அசைந்து கொடுப்பதில்லை. குணமாக நாலு வாரமும் ஆகலாம், அதைத் தாண்டியும் போகலாம். அதனால் தோல் டாக்டரைப் பார்க்காமல் ட்யூப் வாங்காதீர்கள்.

அப்போது அவன் ஆடவே கூடாதா? இதில் நான் கொஞ்சம் நெகிழ்வானவன். அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில், உடம்பில் படர்தாமரை இருந்தால் குறைந்தது 72 மணி நேரம் சிகிச்சை எடுத்த பிறகு ஆடலாம் என்று வைத்திருக்கிறார்கள். சீழ்ப்புண் என்றால் 72 மணி நேரம் ஆன்டிபயாட்டிக் எடுத்திருக்க வேண்டும். கடைசி 48 மணி நேரத்தில் புதுப் புண் வந்திருக்கக் கூடாது. இருக்கும் புண்ணில் ஈரம் இருக்கக் கூடாது. நம்மூருக்கும் அதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். சிறிய திட்டு, மருந்து தொடங்கி 72 மணி நேரம் ஆகிவிட்டது, நன்றாக மூடிக் கட்ட முடிகிறது என்றால் ஆடட்டும். இடுப்பு முழுக்கப் பரவியிருந்தாலோ, நீர் வடிந்தாலோ, கொப்புளமாக இருந்தாலோ அன்றைக்கு வெளியே உட்காரட்டும்.

இங்கேதான் விழாக் குழு தன் நோட்டீஸைத் திருத்த வேண்டும். தோல் நோய் என்று ஒருவனை வெளியே அனுப்பினால் அணியே கலைந்துவிடும், கட்டின பணமும் போய்விடும் என்ற நிலை இருந்தால் எல்லோரும் மறைக்கத்தான் செய்வார்கள். ஜெர்சிக்கு உள்ளே ஒரு முழுக்கை பனியன் போட்டால் தீர்ந்தது. எனவே “மருத்துவக் காரணத்தால் விலகும் வீரருக்குப் பதிலாக அதே எடைப் பிரிவில் மாற்று வீரரை முதல் ஆட்டம் வரை சேர்க்கலாம், நுழைவுக் கட்டணம் திருப்பித் தரப்படும்” என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் டாக்டரைக் கூட்டி வந்து பரிசோதனை வைத்தால், அது போலீஸ் செக்போஸ்ட் ஆகிவிடும். யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

நீகேப், ஆங்கிள் கேப், ஜெர்சி மாற்றிப் போடுவதையும் நிறுத்த வேண்டும். தோற்ற அணிக்காரன் கழற்றிக் கொடுத்த ஈர நீகேப்பை அடுத்த அணிக்காரன் அப்படியே மாட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பக்கெட் தண்ணீர், அதில் ஒரு துண்டு, ஏழு பேரும் முகம் துடைப்பது, அதே தண்ணீரை மயங்கியவன் தலையில் ஊற்றுவது. இதற்கு முடிவு கட்ட ஆளுக்கொரு சிறு துண்டு போதும். வாடகை மேட் ஊர் ஊராகப் போய் வருவது. நேற்று எந்த ஊரில் யார் ரத்தம் சிந்தினார்கள் என்று தெரியாது. விரிக்கும் முன் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு கிருமிநாசினி போட்டுக் காயவிடச் சொல்லுங்கள். மேட்காரர் முணுமுணுப்பார். சரி, முணுமுணுக்கட்டும்.

ரத்தம் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி ஆளை வெளியே எடுக்க வேண்டும். மேலே மண்ணை அள்ளிப் பூசி “ஒண்ணுமில்லடா, ஆடு” என்பது வீரமாக நமக்குத் தெரிகிறது. களத்தில் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அதை நினைத்து யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வேறு ரகம். காய்ந்த ரத்தத்தில் அந்த வைரஸ் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கும். ஜப்பானில் ஒரு பள்ளியின் சூமோ மல்யுத்தக் குழுவுக்குள் அது பரவியதை 1980-களின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி வந்ததே 2011 வாக்கில்தான். ஆகவே இன்று களத்தில் இருக்கும் பெரிய பையன்களில் பலர் போட்டிருக்க வாய்ப்பில்லை. மூன்று தவணை, முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. தொடர்ந்து ஆடுபவர்கள் போட்டுக்கொள்வது நல்லது.

சிராய்ப்பை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு, மண் துகள் போகும் வரை கழுவ வேண்டும். மஞ்சள் தூள், காபித் தூள் எதுவும் வேண்டாம். வெறும் பிளாஸ்டர் வேர்வையில் கழன்றுவிடும். சுத்தமான காஸ் துணி வைத்து, மேலே கிரேப் பேண்டேஜ் சுற்றினால் நிற்கும். மாடு கட்டிய இடத்தையும் சாணம் தெளித்த இடத்தையும் களமாக்குகிறோம். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருப்பதே அப்படிப்பட்ட மண்ணிலும் சாணத்திலும்தான். அதற்காகக் கீறலுக்குக் கீறல் டிடி ஊசி கேட்க வேண்டியதில்லை. சிறு வயதுத் தடுப்பூசிகளை முழுதாகப் போட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகவில்லை என்றால் அழுக்குக் காயத்துக்கும் அதுவே தாங்கும். பத்து வயதிலும் பதினாறிலும் பள்ளியில் போடும் ஊசியைத் தவறவிட்டவர்கள்தான் கவலைப்பட வேண்டியவர்கள்.

இனி தண்ணீர். அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் ஹோலி கிராஸ் என்று ஒரு கல்லூரி. 1969-இல் அதன் கால்பந்து அணிக்கு, அவர்கள் ஊர்க் கால்பந்துதான், இரண்டே ஆட்டத்தோடு அந்த வருடம் முடிந்துபோனது. வீரர்கள், பயிற்சியாளர்கள் 97 பேரில் 90 பேருக்கு மஞ்சள் காமாலைத் தொற்று. விசாரித்தபோது தெரிந்தது இதுதான். மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சத் தரையில் குழாய் வாய்கள் இருந்தன. அவற்றைச் சுற்றித் தேங்கிய தண்ணீரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடினார்கள். அவர்களில் சிலருக்குக் காமாலை இருந்தது. ஒரு நாள் ஊருக்குள் தீப்பிடித்து, தீயணைப்புக்காரர்கள் ஏகப்பட்ட தண்ணீரை இழுத்ததில் குழாயில் அழுத்தம் விழுந்தது. தேங்கிக் கிடந்த அழுக்குத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டது. அதே லைனில் இருந்த குழாயில்தான் வீரர்கள் குடித்தார்கள்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் களத்து ஹோஸ் பைப்தான் நினைவுக்கு வரும். புழுதி அடங்கக் களத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். பைப்பின் வாய் சேற்றில் கிடக்கிறது. அதையே தூக்கிக் குடிதண்ணீர் டிரம்முக்குள் விடுகிறார்கள். நடுவில் மோட்டாரை நிறுத்தினால், வாய் எதில் முங்கிக் கிடக்கிறதோ அதைப் பைப் திரும்ப இழுக்கும். குடிக்கும் தண்ணீருக்குத் தனி பைப், தனி டிரம், அதற்கு மூடி, அடியில் குழாய். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளும் பழக்கம் போனாலே பாதிப் பிரச்சினை போய்விடும். ஊராட்சியின் தொட்டி ஆபரேட்டரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். குளோரின் போட்டு அரை மணி நேரமாவது விட்டு, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்கிறதா என்று குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் அவரே பார்த்துச் சொல்வார். டிரம்மில் குளோரின் மாத்திரை போடுவதென்றால் உறையில் எழுதிய அளவு. நீர்மோருக்கு மீன் கடை பார் ஐஸ் வேண்டாம். அது குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். மதியம் கிண்டிய தக்காளி சாதத்தை இரவு பதினொரு மணிக்குப் பரிமாறுவதும் வேண்டாம்.

காய்ச்சலோடு வந்து “ஃபைனல் இருக்கு சார், ஒரு ஊசி போட்டு விடுங்க” என்று நிற்பவர்கள் எல்லா வருடமும் உண்டு. போட மாட்டேன். வைரஸ் காய்ச்சலில் இதயத் தசையும் வீங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் மூச்சடக்கி ஓடுவது உயிருக்கே ஆபத்து. மழைக்காலம் முடிந்த கையோடு வரும் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவில் டைக்ளோஃபினாக் மாதிரி வலி ஊசி ரத்தக் கசிவைக் கூட்டும், அதன் மேல் நாலு பேர் விழுந்து அமுக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அம்மை போட்ட பிள்ளையை நம் வீடுகளில் வேப்பிலை கட்டி வெளியே விடாமல் வைப்பது நல்ல பழக்கம். ஆனால் கொப்புளம் தெரிய ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். ஆகவே வெளியூர் அணிகளைப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் தங்க வைத்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆளுக்கொரு போர்வை கொண்டுவரச் சொல்லுங்கள், மெட்ராஸ் ஐ வந்தவனைத் தனியே படுக்க வையுங்கள்.

போட்டி முடிந்த மறுநாள் களத்தைச் சுற்றிப் பாருங்கள். இளநீர்க் கூடு, பேப்பர் கப், பாதி வெட்டிய டிரம். ஒரு மழை பெய்தால் அவ்வளவிலும் தண்ணீர் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். பரிசளிப்பு மேடையைப் பிரிக்கும் ஆட்களிடமே இதையும் ஒப்படைத்துக் கூலி பேசிவிடுங்கள்.

அப்புறம், கேப்டன்களுக்காக ஆரம்பித்த வாட்ஸப் குழுவைப் பரிசளிப்பு முடிந்ததும் கலைத்துவிடாதீர்கள், ஏழு வாரம் இருக்கட்டும். யாருக்காவது காமாலை, விடாத காய்ச்சல், அரிப்பு வந்தால் பெயர் இல்லாமல் அதில் போடச் சொல்லுங்கள். காமாலை வந்தவர்கள் பெரும்பாலும் கீழாநெல்லி குடித்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எங்கள் பதிவேட்டில் அவர்கள் வருவதே இல்லை. மூன்று அணியில் மூன்று பேர் என்று குழுவில் தெரிந்தால், உடனே உங்கள் சுகாதார ஆய்வாளருக்கு ஒரு போன் போடுங்கள். அன்றைக்கு எந்தத் தொட்டித் தண்ணீர் வந்தது, எந்த பைப்பில் வந்தது, மோர் யார் கலக்கினார்கள் என்று அவர் வந்து கேட்பார். யாரையும் பிடித்துக் கொடுப்பதற்கு இல்லை. அதே தொட்டியில் ஊரே குடிக்கிறது.