உதிர்ந்த சில்லைக் குப்பையோடு பெருக்கிவிடாதீர்கள்

பழைய தேவாலயக் குவிமாடத்தில் மொசைக், அதாவது சின்னச் சின்னச் சில்லுகளைச் சாந்தில் பதித்து உருவாக்கிய படம், இருந்தால், எல்லோருடைய கண்ணும் தங்கத்தின் மேல்தான் போகும். சாரத்தில் ஏறிப் பழுது பார்க்கிற நாங்கள் முதலில் விரல் கணுவால் மெல்லத் தட்டுவோம். கெட்டியாகச் சத்தம் வந்தால் நிம்மதி. காலிப் பானையைத் தட்டியது போல வந்தால், அங்கே சாந்து சுவரை விட்டு விலகிவிட்டது. கீழே நின்று பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

ஏதென்ஸுக்கு மேற்கே இருக்கும் டாஃப்னி மடாலயத்தைப் பாருங்கள். சுமார் 1100ஆம் ஆண்டைச் சேர்ந்த மொசைக். குவிமாட உச்சியில், வட்டத்துக்குள், கையில் வேதப் புத்தகத்தோடு கிறிஸ்து. அவர் பார்வையில் அப்படியொரு கண்டிப்பு. கீழே 16 சன்னல்களுக்கு இடையே 16 தீர்க்கதரிசிகள். இவ்வளவையும் தாங்குவது சுண்ணாம்புச் சாந்துதான். கடைசிப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் சில்லுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பதிப்பார்கள். தங்கச் சில்லு என்பது கண்ணாடிதான். தடித்த கண்ணாடி மேல் தங்க ரேக்கு, அதன் மேல் மிக மெல்லிய கண்ணாடிப் படலம். பளபளக்கட்டும் என்று அழுத்தித் தேய்த்தால் முதலில் பெயர்வது அந்தப் படலம், அப்புறம் தங்கம்.

1889, 1897 நிலநடுக்கங்கள் டாஃப்னியை உலுக்கின. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் குவிமாடத்தையே திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. 1999 செப்டம்பர் 7 அன்று மறுபடியும் அடி. மடாலயத்தைப் பல ஆண்டுகள் மூடி வைத்துத்தான் பழுது பார்த்தார்கள்.

சரி, நிலநடுக்கம் நம் கையில் இல்லை. ஆனால் என் வேலையில் நான் அதிகம் பார்ப்பது தண்ணீர் செய்த சேதம். கூரையில் ஒரு ஓடு விலகினால் போதும். கசிந்த நீர் சாந்திலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். காயும்போது அந்த உப்பு சில்லுக்குப் பின்னால் படிகமாகி, அதை வெளியே தள்ளும்.

ஒரு தேவாலயத்தில், உதிர்ந்த இடத்தை நல்லெண்ணத்தோடு சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். நான் பார்க்கும்போது சிமெண்ட் அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த பழைய சாந்து மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் பக்கத்துச் சுண்ணாம்புக்குள் போகும், கூடவே சிமெண்டின் உப்பும் போகும். நாங்கள் சில்லு போன சின்ன இடுக்கு வழியாக, நீர்க்கக் கரைத்த சுண்ணாம்புக் கலவையை ஊசியால் உள்ளே செலுத்தி, இறுகும்வரை பஞ்சு வைத்துத் தாங்கிப் பிடிப்போம். பொறுமை கேட்கும் வேலை.

நீங்கள் அப்படியொரு தேவாலயத்துக்குப் போகிறவராகவோ, அதைப் பராமரிப்பவராகவோ இருந்தால், மழைக்குப் பிறகு ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கருத்த ஈரத் திட்டு தெரிந்தால் முதலில் கூரையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். தரையில் சில்லு கிடந்தால் எந்த இடம், எந்தத் தேதி என்று குறித்து எடுத்து வையுங்கள். பசை போட்டு ஒட்ட வேண்டாம். நினைவுப் பொருளாக எடுத்துப் போகவும் வேண்டாம்.

சிமெண்ட் வைத்து அடைத்திருந்த அந்தத் தேவாலயத்தில் பெருக்குகிற மூதாட்டி ஒரு தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். உள்ளே ஏழு சில்லுகள். எல்லாமே ஒரே தூணுக்குப் பக்கத்தில் கிடைத்ததாகச் சொன்னார். அதற்கு நேர் மேலே ஏறித் தட்டினேன். பானைச் சத்தம்.