வரி அடித்தளம் வேண்டாம், வரிப்பரப்பு என்போம்

மாநில அரசு வரியை ஏற்றினால் கஜானாவுக்கு வரும் பணம் கூடுமா, குறையுமா? குமரி மாவட்டத்தில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. எங்கள் எல்லை ஊர் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. இந்தப் பக்கம் பெட்ரோலுக்கு ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை. எல்லையோரம் வண்டி ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். அதே விஷயத்தைச் செய்தியிலோ தொலைக்காட்சி விவாதத்திலோ கேட்கும்போதுதான் தலை சுற்றுகிறது. "வரி அடித்தளம் சுருங்குகிறது", "வரி அடித்தளம் இடம்பெயர்கிறது", "வரி அடித்தளத்தை விரிவுபடுத்த வேண்டும்" என்று பட்ஜெட் காலம் முழுக்க அடித்தளமாகவே இருக்கிறது. இந்தச் சொல்லை நிறுத்தியாக வேண்டும் என்று எனக்குப் பல காலமாகவே எண்ணம் உண்டு. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் 'டாக்ஸ் பேஸ்' என்கிறார்கள். எதன் மீது வரி விழுகிறதோ அதன் மொத்த அளவு என்பது பொருள். பெட்ரோலுக்கு விற்ற லிட்டர், பத்திரப்பதிவுக்குச் சொத்தின் மதிப்பு, வாகன வரிக்கு வண்டிகள். 'பேஸ்' கிரேக்கத்தில் இருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். தூணின் பீடம் போல, ஒன்று எதன்மேல் நிற்கிறதோ அது. 'வரி' நம் சொல். முதற்பொருள் கோடு. சோழர் கல்வெட்டுகளில் 'வரியிலிடுதல்' என்றால் நிலத்தைக் கணக்கேட்டில் ஏற்றுவது. வரிப்பொத்தகம், புரவுவரித் திணைக்களம் என்ற பெயர்களும் அங்கே உண்டு. எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சிகளில் இருந்ததால் பழைய ஆட்கள் நிலவரியைக் 'கரம்' என்பார்கள். 'கரம் கட்டின ரசீது' என்ற பேச்சு இன்னும் முழுதாக மறையவில்லை. கரம் வடசொல். ஆனாலும் பொருள் தெளிவாக இருப்பதால் அதன்மேல் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அடித்தளத்தோடுதான். 'தளம்' வடமொழித் தொடர்புள்ள சொல் என்பதற்காக இதை நான் ஒதுக்கவில்லை. தமிழில் அந்தச் சொல் நன்றாகவே வேலை செய்கிறது. கட்டடத்துக்கு அடித்தளம் போடுகிறோம். அது உறுதியாக இருக்கும், அல்லது விரிசல் விடும், அல்லது மண்ணுக்குள் இறங்கும். தமிழில் அடித்தளம் செய்யக்கூடிய காரியங்கள் இவ்வளவுதான். அது சுருங்காது, நகராது. பாறசாலைப் பக்கம் நின்றுகொண்டு களியக்காவிளைக்கு ஓடி வராது. வரி விழும் பொருளோ இதையெல்லாம் செய்யும். வரியை ஏற்றினால் சுருங்கும், எல்லை தாண்டும், ஒளிந்துகொள்ளும், சில நேரம் பெயரை மாற்றிக்கொண்டு வேறு இனத்தில் போய் உட்காரும். அசைவதுதான் அதன் குணம். வரியை ஏற்றினால் வருவாய் கூடுமா என்ற கேள்வியே அந்த அசைவு எவ்வளவு என்பதைப் பற்றியதுதான். அதற்குப் போய் அசையாத பொருளின் பெயரை வைத்தால் வாசகன் எப்படிப் புரிந்துகொள்வான்? 'அடித்தளம்' என்று படித்ததும் ஏதோ நிலையான ஒன்று கீழே இருக்கிறது, அதன்மேல் வரியை எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் கட்டலாம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. மொழிபெயர்ப்பு பிசகி, பொருளாதாரமே பிசகிவிடுகிறது.

சிலர் 'வரித்தளம்' என்று சுருக்குகிறார்கள். இது இன்னும் மோசம். இன்றைக்குத் தளம் என்றால் இணையதளம். 'வருமான வரித் தளம்' என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் படிவம் நிரப்பக் கணினி முன்னால் போய் உட்காருவார். வேறு சிலர் 'வரி ஆதாரம்' என்கிறார்கள். குமரி மாவட்டத்தில் ஆதாரம் என்றால் நிலப்பத்திரம். பிரமாணம் என்றும் சொல்வோம். மற்ற மாவட்டக்காரர்களுக்கு அது சான்று, இல்லாவிட்டால் ஆதார் அட்டை. 'வரி அடிப்படை' என்ற இன்னொன்றும் உண்டு. "என்ன அடிப்படையில் வரி போட்டார்கள்?" என்று நாம் கேட்பது காரணத்தை, அளவை இல்லை.

நான் முன்வைக்கும் சொல் வரிப்பரப்பு. பரத்தல், பரவுதல், பரப்புதல் என்ற வினைக் குடும்பத்தில் பிறந்தது. நிலப்பரப்பு, நீர்ப்பரப்பு, கடற்பரப்பு எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் காணியையே பரப்புக் கணக்கில்தான் அளக்கிறார்கள். பரப்பு விரியும், சுருங்கும், அரிபடும். கையிலிருந்து போகவும் செய்யும். எந்த வினைச்சொல்லைச் சேர்த்தாலும் வாக்கியம் தமிழாகவே நிற்கிறது. "லிட்டரையும் ரூபாயையும் எப்படிப் பரப்பு என்பது, அது நிலத்துக்குத்தானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். பாடப்பரப்பு, ஆய்வுப்பரப்பு, இலக்கியப்பரப்பு என்று எழுதுகிறோமே, அங்கே எந்த நிலம் இருக்கிறது?

இதில் இன்னொரு நன்மை, கணக்கும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நாஞ்சில் நாட்டு விவசாயியிடம் விளைச்சலைப் பற்றிப் பேசினால் இரண்டு கேள்வி கேட்பார்: விதைப்பாடு (விதைத்த நிலம்) எவ்வளவு, மேனி (அதில் ஓர் அளவு நிலத்துக்குக் கிடைத்த விளைச்சல்) எவ்வளவு? இரண்டையும் பெருக்கினால்தான் களத்துக்கு வந்த நெல். வரியும் அப்படித்தான்: வீதம் ஒன்று, பரப்பு ஒன்று, பெருக்கினால் வருவாய். வீதம் 10 ரூபாய், பரப்பு 100 என்றால் வருவாய் 1,000. வீதத்தை 12 ஆக்குகிறோம். பரப்பு 90 ஆகச் சுருங்கினால் 1,080, ஏற்றியது லாபம். 80 ஆகச் சுருங்கினால் 960, ஏற்றியது நட்டம். பரப்பு ஆறில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குகிறதா என்பதுதான் இங்கே முழுக் கேள்வியும். இதை 'அடித்தளம்' வைத்துச் சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன புறநானூறு 184ஆம் பாட்டைப் பட்ஜெட் உரையில்கூட எடுத்துச் சொல்லிவிட்டார்கள். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் 'மா' என்ற நில அளவில் ஒன்றுக்கும் குறைந்த நிலமே யானைக்குப் பல நாள் காணும். யானையே தனியாக வயலில் புகுந்தால் நூறு செறுவும் (வயலும்) போதாது. "வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்". எல்லோரும் இதைக் கொடுங்கோலுக்கு எதிரான அறிவுரையாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். நான் அதில் கணக்கைப் பார்க்கிறேன். வாய்க்குள் போவது வருவாய். கால் கெடுப்பது பரப்பு. மா, செறு என்று நிலத்தை வைத்தே புலவர் பேசுகிறார். வரி விழும் இடத்தைப் பரப்பாகப் பார்க்கும் பழக்கம் தமிழில் அவ்வளவு பழையது. ஆங்கிலக்காரர் பீடத்தை நினைத்தார் என்பதற்காக நாமும் அஸ்திவாரம் தோண்ட வேண்டியதில்லை.

சரி, சொல்லை வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருவோம். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபின் ஒரு மாநிலம் தன் விருப்பப்படி ஏற்றி இறக்கக்கூடிய பெரிய வரிகள் சிலதான்: பெட்ரோல் டீசல், மது, முத்திரைத்தீர்வை, வாகனம், மின்சாரம்.

பெட்ரோலில் தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அரசே சொன்னது. கேரளம் 2023 ஏப்ரல் 1 முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புத் தீர்வை போட்டது. ஏற்கெனவே இருந்த விலை வித்தியாசம் இன்னும் அகன்றது. பாறசாலைப் பக்கத்துக்காரர் களியக்காவிளையில் டேங்க் நிரப்பினால் கேரளத்தின் வரிப்பரப்பில் ஒரு துண்டு தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். ஆனால் இதை வைத்துக் "கேரளம் வரியை ஏற்றி வருவாயை இழந்தது" என்று முடிவு கட்டக்கூடாது. கோட்டயத்துக்காரர் பெட்ரோலுக்காகக் களியக்காவிளை வரமாட்டார். விலை 2 ரூபாய் கூடியதற்காக வேலைக்குப் போகாமலும் இருக்கமாட்டார். எல்லையோரப் பரப்பு ஓடும், உள்நாட்டுப் பரப்பு அநேகமாக அப்படியே நிற்கும். எல்லை பங்க்கின் கணக்கும் மாநிலத்தின் கணக்கும் வேறு வேறாக வருவது இதனால்தான்.

பரப்பு எது என்பதே இரண்டு மாநிலத்திலும் ஒன்றில்லை என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு விலையில் 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும். அதாவது வரியில் ஒரு பங்கு ரூபாய் மேல் விழுகிறது, ஒரு பங்கு லிட்டர் மேல் விழுகிறது. கேரளத்தில் 30.08 சதவீதம் விற்பனை வரி, கூடவே சில சிறு தீர்வைகள். பெரும்பங்கு ரூபாய் மேல்தான். கச்சா எண்ணெய் விலை ஏறினால் கேரளத்தின் வரிப்பரப்பு தானாகவே பெரிதாகிறது. வீதத்தைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. "வரி உயர்ந்தது" என்று ஒரே வார்த்தையில் எழுதுகிற செய்தியில் இந்த வித்தியாசம் எப்படி ஏறும்?

பத்திரப்பதிவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2017 ஜூனுக்கு முன் அரசு குறித்த வழிகாட்டி மதிப்பு 10 லட்சம் ரூபாயாக இருந்த ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 1 சதவீதம், மொத்தம் 80,000 ரூபாய். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக்கட்டணத்தை 4 சதவீதம் ஆக்கினார்கள். 6,70,000க்கு 11 சதவீதம் என்றால் 73,700. வீதம் ஏறியும் வந்த பணம் குறைவு. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பதிவுக்கட்டணத்தை 2 சதவீதம் ஆக்கினார்கள். 10 லட்சத்துக்கு 9 சதவீதம், 90,000. வீதம் இறங்கியும் வந்த பணம் அதிகம். அந்த நடவடிக்கை நீதிமன்றம் வரை போனது தனிக்கதை. இங்கே பார்க்க வேண்டியது, அன்றைய செய்திகளில் பல 'பதிவுக்கட்டணம் குறைப்பு' என்று தலைப்பிட்டதைத்தான். வீதத்தை மட்டும் பார்த்தார்கள். பரப்பு என்ற சொல் கையில் இருந்திருந்தால் "வீதம் குறைப்பு, பரப்பு விரிவு" என்று நாலே சொல்லில் முழு உண்மையும் முடிந்திருக்கும். பிரமாணம் முடிக்கப் போனவருக்கும் ஏன் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று புரிந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. வரியைக் குறைத்தாலே வருவாய் கூடும் என்று அடித்துச் சொல்வார்கள். 1974இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆர்தர் லாஃபர் கைத்துணியில் வரைந்ததாகச் சொல்லப்படும் வளைகோடு அவர்களுக்கு வேதம். வீதம் சுழியமானாலும் வருவாய் இல்லை, நூற்றுக்கு நூறானாலும் இல்லை, நடுவில் எங்கோ உச்சம் என்பது அந்தக் கோடு. சரிதான். ஆனால் நாம் உச்சத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கோடு சொல்லாது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் 2012இல் வருமான வரியை வெட்டியது. சிறு நிறுவன உரிமையாளர்களின் தொழில் வருமானத்துக்கு வரியே இல்லை என்றும் சொன்னது. சம்பளத்தைத் தொழில் வருமானமாக மாற்றிக் காட்ட அது வழிவிட்டது. வீதமும் இறங்கியது, பரப்பும் சுருங்கியது. வருவாய் விழுந்து, 2017இல் ஆளுநரின் மறுப்பையும் மீறி அந்தச் சட்டமன்றம் வரியைத் திரும்ப ஏற்றியது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை. வரியைப் பற்றிய சொற்களில் யாரும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பதாகத் தெரியவில்லை. சில ஆண்டுகளுக்கு வரி கிடையாது என்ற சலுகையை 'வரி விடுமுறை' என்கிறார்கள். 'வரிவிலக்குக் காலம்' என்றால் யாருக்கும் புரியும். பணத்தைக் கொண்டுபோய் ஒளிக்கும் நாடுகளை 'வரி சொர்க்கம்' என்று எழுதுகிறார்கள். மூலத்தில் இருப்பது துறைமுகம், புகலிடம் என்ற பொருளுள்ள சொல்; சொர்க்கத்துக்கும் அதற்கும் ஆங்கிலத்தில் ஓரெழுத்து வித்தியாசம், அதைக்கூடக் கவனிக்கவில்லை. 'வரி வலைக்குள் கொண்டுவருதல்' என்கிறார்கள். வரி கட்டுவது குடிமக்கள்; அவர்களைப் பிடிபடும் மீன்களாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. 'வரிப்பரப்பில் சேர்த்தல்' என்றால் மரியாதையாகவும் இருக்கிறது, பொருளும் கெடவில்லை. அப்புறம் 'வரி உயர்வு'. வீதம் ஏறினாலும் இதே தலைப்பு, வசூல் கூடினாலும் இதே தலைப்பு. முதலாவதை 'வரிவீத உயர்வு' என்றும் இரண்டாவதை 'வரி வருவாய் உயர்வு' என்றும் எழுத ஒரு சொல் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வரிப்பரப்பு என்ற சொல்லை எங்கே கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுவரியில் சதுர அடிக் கணக்கு வருவதால் பரப்பளவும் வரிப்பரப்பும் ஒன்று என்று தோன்றலாம். ஒரு வீட்டின் சதுர அடி பரப்பளவு. ஊராட்சியோ மாநகராட்சியோ வரி போடும் வீடுகள், கடைகள் எல்லாம் சேர்ந்ததுதான் வரிப்பரப்பு. ஏட்டில் ஏறாத வீடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வரிப்பரப்பில் இல்லை. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் குடியிருப்புகளின் சொத்துவரியை 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றியபோது எந்த வீடும் எல்லை தாண்டிப் பாறசாலைக்குப் போகவில்லை. போகவும் முடியாது. சொத்துவரியில் வீதத்தை ஏற்றினால் வரவேண்டிய தொகை அப்படியே கூடும். அதில் எவ்வளவு வசூலாகிறது, எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பது மட்டும்தான் மிச்சம்.