வீடு கிடைத்த பிறகு வரும் முதல் திங்கட்கிழமை

அமெரிக்காவில் ஒரு கவுண்டியில், வீடிழந்த குடும்பங்களை ஷெல்டரிலிருந்து வாடகை வீட்டில் குடிவைக்கும் வேலையில் இருக்கிறேன். சாவி கொடுக்கும் நாள் எங்கள் எல்லோருக்கும் பிடித்த நாள். பிள்ளைகள் காலி அறைகளில் ஓடுவார்கள், அம்மா சமையலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்ப்பார். இப்போதெல்லாம் என் கவலை அடுத்து வரும் திங்கட்கிழமையைப் பற்றியது. இந்த வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர முடியுமா?

இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு தாய். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு மூன்று. முதியோர் இல்லத்தில் வேலை, காலை எட்டு மணிக்கு ஷிப்ட் தொடங்கும். ஷெல்டர் ஊருக்கு நடுவில், வாசலிலேயே பஸ் நிறுத்தத்தோடு இருந்தது. அவருக்குக் கட்டுப்படியான வாடகையில் வீடு கிடைத்ததோ ஊரின் ஓரத்தில். நாங்கள் வாடகையைப் பார்த்தோம், முன்பணத்தைப் பார்த்தோம், ஹீட்டர் வேலை செய்கிறதா என்றுகூடப் பார்த்தோம். பஸ் நேரத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் போன் செய்தார். தாமதமாக வந்ததற்கு இரண்டு முறை எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்களாம். மறுநாள் விடியற்காலை அவர்களோடு நானும் கிளம்பினேன். ஐந்தரைக்குக் கதவைப் பூட்டினார். நிறுத்தத்துக்கு முக்கால் மைல் நடக்க வேண்டும், பாதி தூரத்துக்கு நடைபாதையே கிடையாது. ஈரப் புல்லில் ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் புதைந்து நின்றுவிடும். மகன் குனிந்து முன்பக்கத்தைத் தூக்குவான், அம்மா பின்னாலிருந்து தள்ளுவார். ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் அதைச் செய்தார்கள். அவ்வளவு பழகிப்போயிருந்தது. பஸ்ஸில் ஸ்ட்ரோலரை மடக்கியாக வேண்டும் என்பதால், தூங்குகிற குழந்தையை எடுத்து மகன் தோளில் சாய்த்துவிட்டு மடக்கினார்.

முதலில் டேகேர், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மகனின் பழைய பள்ளி, மூன்றாவது பஸ்ஸில் வேலை. டேகேரில் மகள் அழுததில் நாலு நிமிடம் போனது. அடுத்த பஸ் கண்ணெதிரே போய்விட்டது, அதற்கடுத்தது நாற்பது நிமிடம் கழித்து. காரில் போனால் இருபத்தைந்து நிமிடத்தில் முடிகிற சுற்று அது. எட்டு இருபத்தைந்துக்கு வேலைக்குள் ஓடினார். இதைச் சோம்பேறித்தனம் என்றோ பொறுப்பின்மை என்றோ யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மகனை வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருக்கலாமே என்று தோன்றும். ஒரே வருடத்தில் அவனுக்கு அது மூன்றாவது பள்ளியாக இருந்திருக்கும். வீடு போன பிள்ளைக்கு மிஞ்சியிருப்பது பல நேரம் அந்த வகுப்பறையும் அந்த டீச்சரும்தான். 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம் இதைப் புரிந்துகொண்ட சட்டம். வீடிழந்த பிள்ளை பழைய பள்ளியிலேயே படிக்கலாம். பெற்றோர் கேட்டால், போகவர வண்டி ஏற்பாடு செய்வது பள்ளி மாவட்டத்தின், அதாவது அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின் கடமை. குடும்பம் வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தால் இரண்டு மாவட்டமும் பேசிச் செலவைப் பகிர வேண்டும். பேச்சு ஒத்துவராவிட்டால் ஆளுக்குப் பாதி.

பலருக்கும் தெரியாத ஒன்று இதில் உண்டு. நிரந்தர வீடு கிடைத்த அன்றோடு இந்த உரிமை முடிந்துவிடாது, அந்தக் கல்வியாண்டின் கடைசிவரை தொடரும். அந்தத் தாய்க்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். ‘வீடு கிடைத்துவிட்டது, இனி அந்தச் சட்டம் பொருந்தாது’ என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘வீடிழந்தவர்’ என்றால் தெருவில் படுப்பவர் மட்டும் என்று எண்ண வேண்டாம். வாடகை கட்ட முடியாமல் உறவினர் வீட்டு ஹாலில் தங்கியிருக்கும் குடும்பம், வேறு வழியின்றி மோட்டலிலோ காரிலோ இருக்கும் குடும்பம் எல்லாமே இந்தச் சட்டத்துக்குள் வரும். நம் தமிழ்க் குடும்பங்களிலும் வேலையும் வருமானமும் போய், நண்பர் வீட்டு பேஸ்மென்டில் மாதக்கணக்கில் தங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென்றே ஒரு தொடர்பாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி அலுவலகத்தில் ‘மெக்கின்னி-வென்டோ லியாசன் யார்?’ என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வண்டி வேண்டும் என்பதை ஈமெயிலில் கேளுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், அது முடியும்வரை பிள்ளை அங்கேயே படிக்கலாம், வண்டியும் வர வேண்டும்.

அடுத்தது கார். பஸ் சரியாக ஓடாத ஊரில் பழைய கார்தான் ஒரு குடும்பத்தின் சம்பளத்தைக் காப்பாற்றுகிறது. வீடிழந்தவர்களுக்கு உதவும், மத்திய வீட்டுவசதித் துறையின் ‘கன்டினியம் ஆஃப் கேர்’ நிதியில் பஸ் கட்டணம் கொடுக்கலாம். பொதுப் போக்குவரத்து போதாத இடத்தில் ஒரே ஒரு முறை கார் ரிப்பேருக்கும் கொடுக்கலாம், பணம் நேராக மெக்கானிக்குக்குப் போகும். ஆனால் அது காரின் ‘புளூ புக்’ மதிப்பில், அதாவது கார் விலைக் கையேடு சொல்லும் மதிப்பில், 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2,500 டாலர் காருக்கு 250 டாலர். பேட்டரி மாற்றலாம், பிரேக் முழுதாக மாற்றக் காணாது. கார் பழசாக ஆக ரிப்பேர் ஏறும், கிடைக்கும் உதவியோ இறங்கும். இந்த வரம்பை மாற்ற வேண்டும் என்று வாய்ப்பு கிடைக்கும் இடத்திலெல்லாம் சொல்லிவருகிறேன்.

மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உள்ளவர்களுக்கு, வேறு வழியில்லாதபோது, டாக்டரிடம் போகவர வண்டி உண்டு. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மற்ற உதவிகளுக்கு 211 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் நண்பர்கள் ‘என்ன செய்யலாம்?’ என்று கேட்கிறார்கள். போர்வையும் பொம்மையும் நிறைய வருகின்றன. காலாவதியாகாத, விபத்தில் சிக்காத குழந்தை கார் சீட் கொடுங்கள். அது இல்லாமல் யாராவது காரில் கூட்டிப்போக முன்வந்தாலும் பிள்ளையை ஏற்ற முடியாது. ஒரு குடும்பத்துக்கு நான்கு டயர் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் ஆள் வைத்து வேலை வாங்குபவர் என்றால், ஷிப்ட் தொடங்கும் நேரத்தை அரை மணி தள்ளிக் கொடுங்கள். இதற்குப் பணமே வேண்டாம்.

அந்தத் தாய் ஈமெயில் அனுப்பி ஒன்பதாவது நாள் மகனுக்குப் பள்ளி வேன் வந்தது. காலை ஆறு இருபத்தைந்துக்கு வீட்டு வாசலில் ஏறிக்கொள்கிறான். மகனின் பள்ளிக்குச் சுற்றிப் போக வேண்டிய தேவை அம்மாவுக்கு இல்லாமல் போனதில், டேகேரில் மகள் நாலு நிமிடம் அழுதாலும் ஷிப்ட் தவறுவதில்லை. முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்கப் போன் செய்தேன். வேன் கிளம்பும்போது மகன் ஜன்னலைத் திறந்து, “புல்லு பக்கம் வந்தா யாரும்மா தூக்குவாங்க?” என்று கேட்டானாம். பெரிய சக்கரம் வைத்த ஸ்ட்ரோலர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.